ரெண்டே ரெண்டு பாயின்ட்!

இன்டர்னல்ல ரெண்டு மார்க் குறைஞ்சுபோய் ஸ்டாஃப் ரூம் வாசல்ல பாவமா நின்ன அனுபவம் இருக்கா? அப்படின்னா இந்த வாரக் கதை உங்களுக்குத்தான். இடம், ஃபின்லாந்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிற கோன்டியோலாஹ்தி. நாள், 2020 மார்ச் 14, சனிக்கிழமை. மேட்டர், பயத்லான் உலகக் கோப்பை.

பயத்லான்னா? கால்ல ஸ்கீ, முதுகுல துப்பாக்கி. பனியில சறுக்கிட்டே கிலோமீட்டர் கணக்குல போகணும், நடுநடுவே நின்னு குறி பார்த்துச் சுடணும். துப்பாக்கியே குறைஞ்சது மூன்றரை கிலோ. கோன்டியோலாஹ்தி டிராக்ல ‘சுவர்’னு பட்டப்பேர் வாங்கின செங்குத்து மேடு ஒண்ணு வேற! அதையெல்லாம் ஏறி வந்தா நெஞ்சு தடதடன்னு அடிக்கும். அந்த நெஞ்சை வெச்சுக்கிட்டு, 50 மீட்டர் தள்ளி இருக்கிற அஞ்சு கறுப்பு வட்டத்தைச் சுடணும் (ரெண்டரை கிரிக்கெட் பிட்ச் தூரம்). படுத்துச் சுடும்போது ஒவ்வொரு வட்டமும் 45 மில்லிமீட்டர்... கேரம் ஸ்ட்ரைக்கரைவிட ஒரு துளி பெரிசு. நின்னு சுடும்போது 115 மில்லிமீட்டர்... ஒரு சி.டி.யைவிடச் சின்னது. ஒண்ணு தப்பினா 150 மீட்டர் பெனால்டி லூப் சுத்திட்டுத்தான் மறுபடி ரேஸ். வேகமா வந்தவனுக்குக் கை நடுங்கும். கை நடுங்கக் கூடாதுன்னு மெதுவா வந்தவன் பின்னாடி நிற்பான். எப்படிப் பார்த்தாலும் இடிதான்!

இப்ப நம்ம ஹீரோக்கள். ஒருத்தர் பிரான்ஸின் மார்ட்டின் ஃபோர்காட், 31 வயசு. 2012-லேருந்து 2018 வரை தொடர்ந்து ஏழு வருஷம் உலகக் கோப்பைப் பட்டத்தை வேற யாருக்கும் விட்டுக் கொடுக்காத மனுஷன். இன்னொருத்தர் நார்வேயின் யோஹானஸ் திங்னெஸ் போ. 2019-ல் பட்டத்தைத் தட்டிப் பறிச்சவர். பேர்தான் ‘போ’, ஆனா 2020 ஜனவரியில ஜெர்மனியின் ஓபர்ஹோஃப், ரூபோல்டிங் ரெண்டு ஊர் போட்டிக்கும் போகல. மனைவிக்குப் பிரசவ நேரம், வீட்ல இருந்துட்டார். அந்த ரெண்டு வார பாயின்ட் மொத்தமும் அவருக்குப் பூஜ்யம்.

மார்ச்ல கொரோனா வந்து எல்லாத்தையும் கலைச்சுப் போட்டுச்சு. ஆஸ்லோவில் நடக்க வேண்டிய கடைசி ரவுண்டு கேன்சல். கோன்டியோலாஹ்தியோட சீசன் க்ளோஸ். கேலரியில ரசிகர்கள் கிடையாது. வெள்ளிக்கிழமை ஃபோர்காட் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். நாளைக்கு ஓடப் போறதுதான் என் கடைசி ரேஸ்!

அந்தக் கடைசி ரேஸ், 12.5 கிலோமீட்டர் ‘பர்சூட்’. ஸ்பிரின்ட் போட்டியில எத்தனை செகண்ட் முந்தினோமோ, அத்தனை செகண்ட் முன்னாடியே கிளம்பலாம். நாலு தடவை சுடணும், ரெண்டு படுத்து, ரெண்டு நின்னு. முதல்ல கோட்டைத் தொடுறவர்தான் வின்னர்.

ஸ்டார்ட்டுக்கு முன்னாடி போ கையில 870 பாயின்ட், ஃபோர்காட் கையில 851. ஜெயிச்சா 60, அடுத்தது 54, 48, 43, 40 எனக் குறைஞ்சுக்கிட்டே போகும். கால்குலேட்டர் வேணாம், மனசுலயே போட்டுப் பாருங்க.

ஃபோர்காட் ஜெயிச்சார்! ரெண்டாவது, மூணாவது யாருன்னு பார்த்தா, அவங்களும் பிரான்ஸ்தான். ஆக மேடை முழுக்க ஒரே கொடி. 851-ம் 60-ம் 911. நாலாவதா வந்தார் போ. 870-ம் 43-ம்... 913.

ரேஸை ஜெயிச்சவருக்குப் பட்டம் இல்லை, மேடையே ஏறாதவருக்கு கிரிஸ்டல் குளோப்! போ ஒரே ஒரு இடம் பின்தங்கி அஞ்சாவதா வந்திருந்தா 910-தான், அம்பேல். அதாவது, போவுக்கு முன்னாடி மூணு பேர் வந்தது போதல, நாலாவதா ஒருத்தர் வந்திருக்கணும். எந்த நாட்டுக்காரரா இருந்தாலும் சரி! ஸ்போர்ட்ஸ்ல நாலாவது இடம்னாலே ‘ஐயோ பாவம்’தான். அன்னிக்கு மட்டும் அதுதான் தங்கம்.

இதுல நான் யார் கட்சின்னு கேக்குறீங்களா? முதல்ல ஃபோர்காட் கட்சிதான். கடைசி ரேஸ், அதையும் ஜெயிச்சாச்சு, எட்டாவது பட்டம் ரெண்டு பாயின்ட்ல போச்சுன்னா யாருக்குத்தான் மனசு ஆறும்? ஆனா ஜனவரியை நினைச்சதும் கட்சி மாறிட்டேன். பட்டம் கைவிட்டுப் போகலாம்னு தெரிஞ்சும் குழந்தை பிறக்கிற நேரத்துல வீட்ல இருந்தார் பாருங்க, அந்த ரிஸ்க்குக்கு என் ஓட்டு. பக்கத்து பெஞ்ச் பார்ட்டி இன்னும் ஒத்துக்கல. ‘எல்லா ரேஸும் ஓடினவனுக்குத்தான்டா கப்பு’னு முறைக்கிறான்.

2025-ல் போவும் ரிட்டயர் ஆயிட்டார். ஃபைனல் ஸ்கோர்: ஃபோர்காட் 7 பட்டம், போ 5. அந்த ரெண்டு பாயின்ட் மட்டும் மாறியிருந்தா 8, 4.