குத்துறது நாங்க, பார்க்கிறது யாரு?

சுகர் பார்க்கிற மிஷின் 500, 600 ரூபாய்க்கே கிடைக்குது. ஆஃபர் போட்டா அதுக்கும் கீழே. அடடா, கம்பெனிக்காரங்களுக்கு எவ்வளவு தங்கமான மனசுன்னு நினைச்சு வாங்கிட்டு வர்றோம். கூட வந்த ஸ்ட்ரிப் தீர்ந்ததும்தான் கதையே ஆரம்பிக்குது. 50 ஸ்ட்ரிப் உள்ள டப்பா 800 ரூபாயிலேர்ந்து 1,000 ரூபாய்க்கு மேலயும் போகுது. ஒரு கம்பெனி ஸ்ட்ரிப் இன்னொரு கம்பெனி மிஷினில் வேலை செய்யாது. இப்பல்லாம் செல்போன் சார்ஜர்கூட வீட்டில் எல்லாருக்கும் ஒண்ணுதான். இதுக்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்? ரத்தம் ஒரு துளி குறைஞ்சா மிஷின் 'எரர்'னு காட்டும். 20 ரூபா போச்சு. குத்தின விரலும் போச்சு. அடுத்த விரலை நீட்டு!

2025 செப்டம்பரில் ஸ்ட்ரிப்புக்கு ஜிஎஸ்டியை 12 சதவீதத்திலிருந்து 5 ஆக்கினாங்க. சந்தோஷமா மெடிக்கலுக்குப் போனேன். "இது பழைய ஸ்டாக், அக்கா"ன்னார் கடைக்காரர். புது ஸ்டாக் எப்ப வரும்னு கேட்டதுக்கு ஒரு சிரிப்பு. அவ்வளவுதான்.

சரி, காசு போகட்டும். "வீட்டிலயே செக் பண்ணிட்டு இருங்க"ன்னு எல்லா டாக்டரும் சொல்றாங்களே, எப்படிப் பண்ணணும்னு யாராவது சொல்லித் தந்திருக்காங்களா உங்களுக்கு? எனக்கு இல்லை. 2023-ல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவங்களில் 100 பேரில் 14 பேருக்கு மேல். அதாவது தெருவுக்கு நாலு வீட்டில் இந்த மிஷின் இருக்கு. அதைப் பிடிக்கக் கத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

எனக்குச் சொன்னது நாத்தனார் மகள். நர்ஸா இருக்கா. ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், போனாப் போகுதுன்னு பாடம் எடுத்தா. சோப்புப் போட்டுக் கை கழுவி நல்லாத் துடைச்சுட்டுத்தான் குத்தணும். மாம்பழம் நறுக்கின கையோட குத்தினா, மிஷின் உங்க சுகரோட மாம்பழத்து சுகரையும் சேர்த்துச் சொல்லும். விரல் நுனியின் நடுவில் குத்தாதீங்க அத்தை, ஓரத்தில் குத்துங்க, வலி கம்மி. ரத்தம் வரலைன்னு பிசையோ பிசைன்னு பிசையாதீங்க, நீர் கலந்து நம்பர் தப்பா வரும். சாப்பிட்ட பிறகு ரெண்டு மணி நேரம்னா, கை கழுவினதிலேர்ந்து ரெண்டு மணி நேரம் இல்லை. முதல் வாய் வச்சதிலேர்ந்து!

முதல் வாய். இங்கேதான் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருது. சமைக்கிறவளுக்கு முதல் வாய் எது? சாம்பாரில் உப்புப் பார்க்க உள்ளங்கையில் விட்டு நக்கினேனே, அதுவா? பேரன் பாதி தின்னுட்டு வச்ச தோசையைத் தூக்கிப்போட மனசு வராம வாயில் போட்டேனே, அதுவா? எல்லாருக்கும் பரிமாறிட்டு, மாமியாருக்கு ரசம் சூடு பண்ணிக் கொடுத்துட்டு, மூணு மணிக்கு அடுப்படியில் நின்னுட்டே ஒரு வாய் அள்ளிப்போட்டதும் காலிங் பெல் அடிக்குது. திரும்பி வந்து அடுத்த வாய் எடுக்கும்போது மணி மூணே முக்கால். இப்போ எதிலிருந்து எண்ணுறது, சொல்லுங்க! காலை எட்டு மணி, மதியம் ஒரு மணி, ராத்திரி எட்டு மணின்னு கட்டம் போட்டு சார்ட் அச்சடிச்சுக் கொடுக்கிறாங்களே, அது எந்த மனுஷனுக்குன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டு ஹாலில்தான் உட்கார்ந்திருக்கார். மணி அடிச்ச மாதிரி தட்டு வரும். ரெண்டு மணி நேரம் கழிச்சு விரலை மட்டும் நீட்டுவார். குத்துறது நான், துடைக்கிறது நான், எழுதுறது நான். என் விரலைக் குத்த நேரம் வரும்போது அடுத்த வேளைக்கு அரிசி களைய வேண்டியிருக்கும்.

எழுதின நம்பரைச் சும்மா விடுவாங்களா? பெங்களூரில் இருக்கிற மகன், "அம்மா, ரீடிங்கை போட்டோ எடுத்து குரூப்பில் போடுங்க"ன்னான். போட்டேன். ஒரு கட்டைவிரல் வந்தது. 118-க்கும் கட்டைவிரல், 240-க்கும் அதே கட்டைவிரல். அண்ணி மட்டும் விடாம ஆவாரம்பூ டீ. சித்தப்பா கொய்யா இலை. இன்னொருத்தர் எங்கிருந்தோ சுட்ட வீடியோ: வெண்டைக்காயை ராத்திரி தண்ணியில் ஊறப்போட்டுக் குடிச்சா மாத்திரையே வேண்டாமாம். வேண்டாம்னு சொல்றவர் தன் மாத்திரையை நிறுத்தினாரான்னு கேட்டுப் பாருங்க.

ஹாலில் நடக்கிற விசாரணை தனி. "நேத்து 148, இன்னிக்கு 161. என்ன தின்னே? ஒளிச்சு வச்சு லட்டு தின்னியா?" ஐயா, சர்க்கரை நோய் உள்ளவங்களுக்குச் சாப்பாட்டுக்கு முன்னாடி 80-லேர்ந்து 130, சாப்பிட ஆரம்பிச்ச ரெண்டு மணி நேரத்தில் 180-க்குக் கீழே இருந்தா போதும்னுதான் பொதுவான இலக்கே. சாப்பிட்டப்புறம் வந்த 161-க்கு எதுக்கு இந்தப் பஞ்சாயத்து? இன்னொண்ணும் கேளுங்க. இந்த மிஷின்களுக்கு ஐஎஸ்ஓ தரம்னு ஒண்ணு இருக்கு. அதன்படி 100-க்கு மேல் போனா 15 சதவீதம் கூடவோ குறையவோ காட்டலாம். உண்மையில் 200 இருந்தா, 170-னு காட்டினாலும் பாஸ், 230-னு காட்டினாலும் பாஸ். மிஷினுக்கு 15 சதவீதம் மன்னிப்பு உண்டு. எனக்கு 13 பாயிண்டுக்குத் தண்டனை.

ஸ்ட்ரிப் டப்பா மேல இன்னொரு ஜோக் இருக்கு. 30 டிகிரிக்கு மேல் வைக்காதே, ஃப்ரிட்ஜிலும் வைக்காதே. மே மாசத்து மதுரையில் 30 டிகிரி எந்த ரூமில் இருக்கும்னு அந்தக் கம்பெனிக்காரர் வந்து காட்டட்டும், வாடகை கொடுத்துட்டே அங்க போய் இருந்துக்கிறேன்.

லேபுக்குப் போனா மட்டும் என்ன வாழுது? ஒரு லேபில் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம்ங்கிறாங்க, அடுத்த தெருவில் ரெண்டு மணி நேரம்ங்கிறாங்க. கீழே ஹோட்டலில் பொங்கல், வடை. சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வந்த கூட்டம் பூரா அங்கேதான் டிபன். டெஸ்டுக்கு முந்தின நாள் கோதுமைக் கஞ்சி, டெஸ்ட் முடிஞ்ச அன்னிக்குப் பிரியாணின்னு வாழ்றவங்களை எனக்கே தெரியும். பேரு சொல்ல மாட்டேன், குடும்பம் நடத்தணும்.

குத்தின ஊசியை என்ன பண்றீங்க நீங்க? நிஜமாக் கேட்கிறேன். வீட்டில் சேர்ற ஊசியெல்லாம் அபாயக் கழிவு, தனியாப் பிரிச்சுக் கொடுக்கணும்னு 2016 திடக்கழிவு விதியிலேயே சொல்லிட்டாங்க. பிரிச்சு வச்சிருக்கேன், கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில், மூடி போட்டு. வாங்கிக்கத்தான் ஆள் இல்லை. குப்பை வண்டியில் வர்ற அம்மா, "இதை எதுலக்கா போடுறது, பச்சையிலா நீலத்திலா?"ன்னு என்னையே கேட்கிறாங்க. வெறும் கையால குப்பையைக் கிளறுறவங்க அவங்க. சாதாக் குப்பையில் போட மனசு வரலை. மெடிக்கலில் கேட்டா, விக்கிறதுதான் எங்க வேலைங்கிறாங்க. டப்பா நிறைஞ்சு பரண்மேல் ஏறியாச்சு.

இத்தனையும் பொறுத்துக்கலாம், நான் நம்பர் எழுதி வைக்கிற நோட்டை ஒரே ஒரு ஆள் பிரிச்சுப் பார்த்தா! டோக்கன் வாங்கி, ரெண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே போய் நோட்டை மேஜையில் வைக்கிறேன். டாக்டர் கை அதைத் தாண்டி லேப் ரிப்போர்ட்டுக்குப் போகுது. மூணு மாசச் சராசரி எவ்வளவு? 8.1 சதவீதம். சரி, மாத்திரையைக் கூட்டிடலாம். முடிஞ்சது.

சராசரி முக்கியம்தான், இல்லைன்னு சொல்லலை. ஒரு நாள் கோதுமைக் கஞ்சி குடிச்சு அதை ஏமாத்த முடியாது. ஆனா காலையில் 90, மதியம் 260-னு ஏறி இறங்கினாலும் அது ஒத்தை நம்பராத்தான் வரும். எந்த வேளை, எந்தச் சாப்பாடு ஏத்துதுன்னு அது சொல்லாது. அதுக்குத்தானே சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ஜோடியாக் குத்துறோம்? ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விஷயமே. இட்லிக்கு இவ்வளவு, பொங்கலுக்கு அவ்வளவுன்னு அங்கே தெரியும். அதோட, இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தா அந்தச் சராசரி உள்ளதைவிடக் கூடுதலாக் காட்டலாம். தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயசுப் பெண்களில் பாதிக்கு மேல ரத்தசோகைன்னு அரசாங்கக் கணக்கே சொல்லுது. அந்த வயசைத் தாண்டினதும் ரத்தம் தானா ஊறிடுமா? அப்போ எங்களுக்குத்தான் நோட்டு அதிகமாத் தேவைப்படுது.

இன்னொரு விஷயமும் நாத்தனார் மகள் சொல்லித்தான் தெரியும். இன்சுலின் போடுறவங்க அடிக்கடி பார்த்தே ஆகணும். வெறும் மாத்திரையில் இருக்கிறவங்க, அதுவும் சுகர் தாழ்ந்துபோற வகை மாத்திரை இல்லைன்னா, தினமும் குத்திக்கிறதால் பெரிய லாபம் இல்லை. மாத்திரை மாத்தும்போதோ, சாப்பாடு மாத்தும்போதோ சில நாள் ஜோடியாப் பார்த்தாலே போதும்னு. அப்படின்னா யாருக்கு எப்போ எத்தனை தடவைன்னு சொல்ல வேண்டியது யார் வேலை? சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகுமா? வெளியே நாற்பது டோக்கன் இருக்குன்னு எனக்கும் தெரியும். டாக்டரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. சொல்லித்தர ஒரு ஆளை அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் எங்கேயாவது ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்கலாமே. ஸ்கேனுக்கு இடம் இருக்கு, காபி மிஷினுக்கு இடம் இருக்கு.

போன தடவை வாயை விட்டே கேட்டுட்டேன். "சார், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மட்டும்தான் ஏறுது. மத்த நேரம் சரியா இருக்கு. நோட்டில் இருக்கு, பாருங்களேன்."

"அதெல்லாம் ரிப்போர்ட்டிலேயே வந்துடும்மா."

வெளியே கவுண்டரில் இருந்த பொண்ணு மருந்துச் சீட்டோட புதுசா ஒரு சார்ட்டையும் நீட்டினா. "மேடம், டெய்லி செக் பண்ணி இதில் எழுதிட்டு வரணும். சார் சொல்லியிருக்காங்க, மறந்துடாதீங்க." வாங்கிட்டு வந்திருக்கேன். வேற என்ன பண்ண? மதியத்துக்கான கட்டம்தான் ரொம்பச் சின்னது. மூணு இலக்கம் எழுத இடமில்லை.