தகுதி இருந்தும் காப்பீடு இல்லை

அமெரிக்க அதிபர் டிரம்ப் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்திட்ட வரி - செலவினச் சட்டத்தில், ஏழைகளுக்கான மெடிகெய்டு திட்டத்தின் மீது விழுந்த வெட்டு பற்றித்தான் அதிகம் பேசப்பட்டது. அதே சட்டத்தில் இருக்கும் இன்னொரு பிரிவு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. அரசு நடத்தும் மருத்துவக் காப்பீட்டுச் சந்தைகளில் மானியத்துடன் பாலிசி எடுத்தவர்களுக்கு, ஆண்டு முடிந்ததும் அது தானாகவே புதுப்பிக்கப்படுவது இதுவரையிலான வழக்கம். 2028 முதல் அந்த வழி அடைக்கப்படுகிறது. வருமானம் எவ்வளவு, வசிப்பது எங்கே, குடும்பத்தில் எத்தனை பேர், குடியேற்ற நிலை என்ன என்பதையெல்லாம் ஒவ்வோர் ஆண்டும் சரிபார்த்து முடித்த பிறகே மானியம் கிடைக்கும். 2025-ம் ஆண்டுக்கு இந்தச் சந்தைகளில் காப்பீடு பெற்ற சுமார் 2.4 கோடிப் பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர், இப்படித் தானாகப் புதுப்பிக்கப்பட்டதால் தொடர்ந்தவர்கள். அவர்களில் பலர், தகுதியை இழக்காமலேயே காப்பீட்டை இழக்கும் நிலைக்குத் தள்ளப்படுவார்கள். இந்தப் பிரிவு அமலுக்கு வருவதற்கு முன்பே நீக்கப்பட வேண்டும்.

2010-ல் ‘ஒபாமாகேர்’ சட்டம் நிறைவேறியபோது, வேலை மூலம் காப்பீடு கிடைக்காதவர்களுக்காக இந்தச் சந்தைகள் உருவாக்கப்பட்டன. மாநிலங்கள் தாமே நடத்தலாம். நடத்த விரும்பாத மாநிலங்களுக்கு மத்திய அரசின் ‘ஹெல்த்கேர் டாட் கவ்’ தளம் உண்டு. 2013 அக்டோபர் 1 அன்று அந்தத் தளம் திறந்தபோது, முதல் நாளில் வெற்றிகரமாகப் பதிவுசெய்ய முடிந்தவர்கள் 6 பேர். அந்த அவமானத்திலிருந்து மீண்டு, 2021-ல் மானியம் உயர்த்தப்பட்ட பிறகு, 2020-ல் 1.14 கோடியாக இருந்த பயனாளர் எண்ணிக்கை ஐந்தே ஆண்டுகளில் இரண்டு மடங்கைத் தாண்டியது. உயர்த்தப்பட்ட மானியம் 2025 முடிவோடு காலாவதியானது. அதை நீட்டிக்கச் சொல்லி எழுந்த மோதலில் மத்திய அரசு நிர்வாகமே 43 நாள் முடங்கியது. மானியம் பெறுவோர் தம் கையிலிருந்து கட்டும் ஆண்டு பிரீமியம் சராசரியாக 888 டாலரிலிருந்து 1,904 டாலராக உயரும் என்று கைசர் குடும்ப அறக்கட்டளை (கேஎஃப்எஃப்) கணக்கிட்டது. மானியம் எவ்வளவு என்பது முக்கியமான சண்டைதான்; அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், மானியத்துக்கு முழுத் தகுதி உள்ளவர்களையே வெளியே நிறுத்தும் வேலை ஓசையில்லாமல் நடப்பதால், அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

விண்ணப்ப நடைமுறை எத்தனை பேரை வெளியே தள்ளும் என்பதற்கு ஆர்கன்சா மாநிலம் சாட்சி. 2018 ஜூனில் அங்கே, மெடிகெய்டு பெறும் 30 முதல் 49 வயதுக்காரர்கள் மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததாகவோ, விதிவிலக்குக்கு உரியவர்கள் என்றோ பதிவுசெய்ய வேண்டும் என்ற விதி வந்தது. பதிவைத் தொடக்கத்தில் இணையத்தில் மட்டுமே செய்ய முடிந்தது. அந்த இணையதளமோ இரவு 9 மணிக்கு மூடப்பட்டு, காலை 7 மணிக்குத்தான் மீண்டும் திறந்தது. பகலெல்லாம் உணவகத்திலும் கிடங்கிலும் நின்று உழைத்து இரவு வீடு திரும்புபவர், தான் உழைத்த கணக்கைச் சொல்ல முடியாமல் போனது. மூன்று மாதம் தவறினால், அந்த ஆண்டின் மீதிக் காலம் முழுக்கக் காப்பீடு கிடையாது. ஆண்டு முடிவதற்குள் 18,000-க்கும் அதிகமானோர் நீக்கப்பட்டார்கள். பின்னர் ஹார்வர்டு ஆய்வாளர்கள் விசாரித்தபோது, விதிக்கு உட்பட்டவர்களில் 95 சதவீதத்துக்கும் அதிகமானோர் ஏற்கெனவே நிபந்தனையைப் பூர்த்திசெய்தவர்கள், அல்லது விலக்குக்கு உரியவர்கள் என்று தெரியவந்தது. வேலைவாய்ப்பும் கூடவில்லை. 2019 மார்ச்சில் மத்திய நீதிமன்றம் அந்தத் திட்டத்தைத் தடுத்து நிறுத்தியது. ஆர்கன்சாவோடு இது முடிந்துவிடவுமில்லை. மெடிகெய்டிலிருந்து யாரையும் நீக்கக் கூடாது என்ற கொரோனா காலப் பாதுகாப்பு விலக்கப்பட்ட பிறகு 2023, 2024-ல் நாடு முழுவதும் மெடிகெய்டிலிருந்து 2.5 கோடிக்கும் அதிகமானோர் நீக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோரின் கோப்பில் எழுதப்பட்ட காரணம், வருமானம் கூடியது என்பதல்ல. படிவம் வரவில்லை, ஆவணம் சேரவில்லை என்பது போன்ற நடைமுறைக் காரணங்கள். வீடு மாறியவருக்குக் கடிதம் பழைய முகவரிக்கே போயிருக்கும்.

உண்மையிலேயே காப்பீடு தேவைப்படுபவர் ஒரு படிவத்தை நிரப்பத் தயங்க மாட்டார் என்பது இந்த விதியை ஆதரிப்பவர்களின் முதல் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். மாசசூசெட்ஸ் அனுபவம் வேறு மாதிரிச் சொல்கிறது. ஒபாமாகேருக்கு முன்பே, 2006-ல், காப்பீட்டுச் சந்தையை அமைத்த மாநிலம் அது. பரம ஏழைகளுக்குப் பிரீமியம் ஒரு டாலர்கூடக் கிடையாது, தகுதியும் சரிபார்க்கப்பட்டுவிடும், எந்த நிறுவனத்தின் திட்டம் என்று தேர்ந்தெடுப்பது ஒன்றுதான் பாக்கி. அதைச் செய்யாதவர்களை அரசே ஏதேனும் ஒரு திட்டத்தில் சேர்த்துவந்தது. 2010-ல் அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டதும், சேர்க்கை மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. இதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் கண்ட இன்னொரு விஷயம்தான் நம் வாதத்தின் அச்சாணி: வெளியே நின்றவர்கள் இளைஞர்கள், உடல்நலத்தோடு இருப்பவர்கள், ஏழைகளிலும் ஏழைகள். நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் மாதாமாதம் மருந்து வாங்குகிறவர் எத்தனை படிவம் கேட்டாலும் நிரப்பிவிடுவார். இருபத்தைந்து வயதில் இரண்டு இடங்களில் பகுதிநேர வேலை பார்ப்பவர் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்டுவிடுவார். ஆரோக்கியமானவர்கள் விலகி நோயாளிகள் மட்டும் மிஞ்சினால், காப்பீட்டு நிறுவனம் எல்லோருக்கும் பிரீமியத்தை ஏற்றும். செலவைக் குறைப்பதற்காகக் கொண்டுவந்த விதி, தலைக்கு ஆகும் செலவை இப்படித்தான் கூட்டிவிடுகிறது.

அடுத்த வாதம் மோசடி பற்றியது. இதைத் தட்டிக்கழிக்க முடியாது, மோசடி நடந்திருக்கிறது. 2024-ன் முதல் எட்டு மாதங்களில் மட்டும், தங்கள் சம்மதம் இல்லாமல் காப்பீட்டில் சேர்க்கப்பட்டதாகவோ திட்டம் மாற்றப்பட்டதாகவோ 2.7 லட்சம் புகார்கள் மத்திய அரசுக்கு வந்தன. பலர் தம் பெயரில் இப்படியொரு பாலிசி இருப்பதே தெரியாமல் இருந்தார்கள். ஆனால், அதைச் செய்தது யார்? கமிஷனுக்கு ஆசைப்பட்ட காப்பீட்டு முகவர்கள். ஒருவருடைய பெயரும் பிறந்த தேதியும் மாநிலமும் தெரிந்தாலே கணக்குக்குள் நுழைய முடிந்த ஓட்டை, மத்திய அரசின் தளத்தோடு இணைந்த தனியார் இணையதளங்களில் இருந்தது. தாமே சந்தை நடத்தும் மாநிலங்களில், வாடிக்கையாளர் தம் செல்போனுக்கு வரும் குறியீட்டைச் சொன்னால்தான் முகவர் உள்ளே போக முடியும் என்பது போன்ற தடுப்புகள் இருந்ததால், அங்கே இந்தப் புகார் மிகக் குறைவு. ஆகவே, முகவருக்குத்தான் பூட்டுப் போட வேண்டும். அப்பாவி வாடிக்கையாளரை ஆண்டுதோறும் ஆவணங்களோடு அலையவிடுவது, திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரரை விசாரிப்பதற்குச் சமம்.

வேறு வழி இல்லையா என்றால், மாநிலங்களே அதைக் காட்டியிருக்கின்றன. மேரிலாந்தில் 2020 முதல், மாநில வருமான வரிப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. காப்பீடு இல்லாதவர் அதில் குறியிட்டால், வரிக்காகத் தந்த விவரங்களைக் கொண்டே சந்தை நிர்வாகம் தகுதியைக் கணித்து அவரைத் தொடர்புகொள்கிறது. வருமானம் என்ன என்பது அரசுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததை மறுபடி மறுபடி குடிமகனிடம் கேட்க வேண்டியதில்லை. நியூ மெக்ஸிகோ, காலாவதியான மத்திய மானியத்தைத் தன் சொந்த நிதியிலிருந்து ஈடுகட்ட முன்வந்தது. என்றாலும், எல்லாவற்றையும் மாநிலங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. 2013-ல் சிறப்பாகத் தொடங்கிய கென்டக்கியின் ‘கைனெக்ட்’ சந்தையை, அடுத்து வந்த ஆளுநர் மூடினார். தொடங்கிய ஆளுநரின் மகன் ஆட்சிக்கு வந்த பிறகுதான், 2021-ல், அது மீண்டும் திறந்தது. ஆளுநர் மாறினால் அடையாளம் தெரியாமல் போகும் பாதுகாப்பு, பாதுகாப்பு ஆகாது. அடிப்படை விதி நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தில்தான் இருக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் வாழும் தமிழர்களுக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. கிரீன் கார்டு பெற்று ஊரிலிருந்து வந்துசேரும் வயதான பெற்றோருக்கு ஐந்து ஆண்டுகள் ஆகும்வரை முதியோருக்கான மெடிகேர் காப்பீடு கிடைக்காது. அதுவரை பலருக்குக் கைகொடுப்பது இந்தச் சந்தைகளே. புதிய சட்டம் 2027 முதல் எச்-1பி போன்ற தற்காலிக விசாக்காரர்களுக்கான மானியத்தையும் நிறுத்துகிறது. வாக்குரிமை உள்ள தமிழர்கள் தத்தம் தொகுதி உறுப்பினரிடம் இதைக் கேள்வியாக வைக்க வேண்டும்.

மெடிகெய்டில் மாதம் 80 மணி நேர வேலை நிபந்தனை, ஆர்கன்சாவில் தோற்ற அதே நிபந்தனை, 2027 தொடக்கத்துக்குள் பெரும்பாலான மாநிலங்களில் நடைமுறைக்கு வர வேண்டும் என்கிறது சட்டம். மாநிலங்கள் தம்மிடம் இருக்கும் சம்பளப் பதிவு, வரிக் கணக்கு ஆகியவற்றைக் கொண்டு தாமே சரிபார்க்கும் ஏற்பாட்டை அதற்குள் முடிக்க வேண்டும். தானாகப் புதுப்பிக்கும் முறையை நிறுத்தும் பிரிவை 2028-க்கு முன் நாடாளுமன்றம் ரத்துசெய்ய வேண்டும்.