சுவரில் பூத்த பூஞ்சைக்கு யார் பொறுப்பு?

வெள்ளம் வடிந்துவிட்டது என்று செய்தி வந்ததும் தொலைக்காட்சி வாகனங்கள் கிளம்பிவிடுகின்றன. படகுகள் திரும்புகின்றன. நிவாரணக் கணக்கும் ஏறக்குறைய அத்தோடு முடிகிறது. ஆனால் செங்கலும் சிமென்ட் பூச்சும் குடித்த தண்ணீர் தெருத் தண்ணீரோடு சேர்ந்து வடிவதில்லை. சில நாள்களில் பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், சுவர் மூலையில் கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. பாயில் வெள்ளையாகப் பூசணம் பூக்கிறது. துணிமணியில் ஒருவித முடை நாற்றம் ஏறுகிறது. மார்கழி போய்த் தை பிறந்தாலும் அது போவதில்லை.

இந்தப் பூஞ்சையைச் சாதிப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். சுவரில் முளைக்கும் பூசணத்துக்குக் கூடவா சாதி என்று சிலர் கேட்கலாம். பூஞ்சைக்குச் சாதி கிடையாது. அது யார் வீட்டில் தங்குகிறது, எத்தனை நாள் தங்குகிறது, அதற்கான பழி யார் மேல் விழுகிறது என்ற மூன்றிலும் சாதி இருக்கிறது.

முதலில் அறிவியலைப் பார்ப்போம். பூஞ்சையின் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் மிதந்துகொண்டிருக்கின்றன. அவை வளரத் தேவைப்படுவது ஈரமும் கொஞ்சம் உணவும்தான். மரம், காகிதம், துணி, பெயின்ட், சுவரில் படிந்த தூசி என எதுவும் அதற்கு உணவாகும். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட வேண்டும், இல்லையெனில் பூஞ்சை பிடித்துவிடும் என்பது பொதுவான கணக்கு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், வெயிலே வராத டிசம்பரில், மின்சாரமும் இல்லாத தரைத்தள வீட்டில் யாரால் இரண்டு நாளில் சுவரை உலர்த்த முடியும்? ஈரம் படிந்த, பூஞ்சை பிடித்த வீடுகளில் வாழ்வோருக்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா ஆகியவை கூடுதலாக வருவதை உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே பதிவு செய்திருக்கிறது. நம் மக்கள் இதை 'வீசிங்' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள்.

நகர்ப்புற மறுகுடியமர்வு பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சென்னையின் தென்கோடிக் குடியிருப்புகளுக்குச் சில ஆண்டுகளாகப் போய்வருகிறேன். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மூன்றும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தையும் அதன் வடிகால் பாதைகளையும் ஒட்டியவை. தென்சென்னையின் ஏரிகளில் நிரம்பி வழியும் நீர் இந்தச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலந்து கடலுக்குப் போக வேண்டும். 2022இல் ராம்சார் தகுதி பெற்ற சதுப்பு நிலம் இது. தண்ணீர் தங்குவதற்கென்றே இயற்கை ஒதுக்கிய பள்ளம். அதன் ஓரத்தில்தான் நகரின் நடுவிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் தலித் மக்கள். சுனாமிக்குப் பின் வந்த மீனவக் குடும்பங்களும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரையில் இருந்தால் ஆபத்து என்று சொல்லி அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பல குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பெரும்பாக்கத்திலும் தண்ணீர் நின்றது.

கிராமத்தில் ஊர் மேட்டிலும் சேரி பள்ளத்திலும் இருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நகரம் அதே நில அமைப்பை அடுக்குமாடி உயரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. இதற்கு 'மேம்பாடு' என்று பெயர்.

தரைத்தள வீடொன்றில் ஓர் அம்மா சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். "மழை நின்னு மூணு மாசம் ஆச்சு தம்பி. இன்னும் ஓதம் ஏறிக்கிட்டே இருக்கு. ரெண்டு தடவ பெயின்ட் அடிச்சோம், பொறிப் பொறியா உதிந்து போச்சு" என்றார். அவர் சொன்னது பாடப்புத்தகத்தில் இருக்கிற செய்திதான். பேஸ்மட்டம் தாழ்ந்திருந்தால், அதற்கு மேல் ஈரத்தைத் தடுக்கும் பூச்சு சரியாகப் போடப்படாமல் இருந்தால், மண்ணின் நீரைச் செங்கல் திரி போல உறிஞ்சி மேலே ஏற்றும். அதன் மேல் பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நிற்கும். உப்பு பூத்துப் பூச்சு உதிரும்.

அதே ஈரத்தைப் பற்றி ஓர் அலுவலகத்தில் கேட்டபோது எனக்குக் கிடைத்த விளக்கம் வேறு. "சின்ன வீட்டில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். உள்ளேயே துணி காயப்போடுகிறார்கள், ஜன்னலைத் திறப்பதில்லை. சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்களுக்கு எந்த வீட்டைக் கொடுத்தாலும் இப்படித்தான்." ஜன்னலைத் திறந்தால் சாக்கடைக் கொசு வரும். மாடியில் துணி காயப்போட இடமில்லை. ஏழெட்டுப் பேருக்கு ஒரு சின்ன வீடு என்று திட்டம் போட்டவர்கள் அங்கே குடியிருப்பவர்கள் அல்ல. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, கட்டுமானத்தின் குறையை மக்களின் பழக்கத்தில் ஏற்றிச் சொல்வது எவ்வளவு எளிதாக இருக்கிறது!

அந்த எளிமை சாதி தந்தது. 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கரும் தோழர்களும் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்த பின், ஆதிக்கச் சாதியினர் அந்தக் குளத்தில் மாட்டுச் சாணத்தையும் கோமியத்தையும் கலந்த நீரை ஊற்றித் 'தூய்மை' செய்தார்கள். தூய்மை, அசுத்தம் என்ற சொற்கள் நம் நாட்டில் கிருமியைக் குறிப்பதற்கு முன்பே மனிதரைக் குறிக்கத் தொடங்கிவிட்டன. அதனால்தான் நடுத்தர வர்க்கத்து வீட்டில் ஓதம் ஏறினால் கட்டிய காண்ட்ராக்டரைத் திட்டுகிறார்கள். மறுகுடியமர்வுக் குடியிருப்பில் ஏறினால் குடியிருப்பவரைத் திட்டுகிறார்கள்.

இப்படிப் பழி சுமத்துவது பிற நாடுகளிலும் நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், சூடானிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, வாடகைக்கு இருந்த சமூகக் குடியிருப்பில் பூஞ்சை பற்றித் திரும்பத் திரும்பப் புகார் செய்தது. மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். குடும்பத்தின் வாழ்க்கை முறையே காரணம் என்று ஊகித்தார்கள். 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் இறந்தான். நீண்ட நாள் பூஞ்சையைச் சுவாசித்ததால் ஏற்பட்ட கடும் மூச்சு நோயே காரணம் என 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு செய்தது. குடும்பம் போராடியது. 2023இல் நிறைவேறிய சட்டத்தின் வழியே 'அவாப் சட்டம்' பிறந்து, 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். கடுமையான ஈரமும் பூஞ்சையும் என்றால் 10 வேலை நாள்களில் ஆய்வு செய்து, அடுத்த 5 வேலை நாள்களில் வீட்டைப் பாதுகாப்பானதாக ஆக்க வேண்டும். அங்கே ஒரு குழந்தை சாக வேண்டியிருந்தது. இங்கே எத்தனை குழந்தைகளின் வீசிங் எந்தச் சுவரால் வந்தது என்று கேட்கும் விசாரணையே கிடையாது.

நம்முடைய நிவாரண விதிகளைப் பாருங்கள். பேரிடர் நிவாரண நிதியின் விதிப்படி, குடிசை அல்லாத வீட்டுக்குப் பகுதிச் சேதம் என்று உதவி பெறக் குறைந்தது 15 விழுக்காடு சேதம் காட்ட வேண்டும். சுவர் இடிந்தால் கணக்கு. நின்றபடியே அழுகினால் கணக்கில்லை. மிக்ஜாமுக்குப் பிறகு ரேஷன் கடை வழியே தந்த 6000 ரூபாய் அன்றைய பசிக்கு உதவியது, அதை மறுக்கவில்லை. பூஞ்சை பிடித்த மெத்தை, ட்ரங்குப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு பிரிக்க முடியாமல் போன சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பிள்ளைகளின் பாடநூல், ஆறு மாதம் நெபுலைசருக்கு அலைந்த கூலி நாள்கள் ஆகியவை எந்தப் படிவத்திலும் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2015இல் சென்னையின் சகதியையும் அழுகிய மெத்தைகளையும் அள்ளப் பிற மாவட்டங்களிலிருந்தும் தூய்மைப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலும் தலித் தொழிலாளர்கள். நகரத்தின் பூஞ்சையைத் துடைத்தவர்களைத்தான் அசுத்தமானவர்கள் என்கிறோம்.

வீட்டளவில் செய்யக்கூடியவை சில உண்டு. பூஞ்சையை உலர்ந்த துடைப்பத்தால் தட்டக் கூடாது. வித்து காற்றில் பரவும். மூக்கையும் வாயையும் மாஸ்க்கால் மூடி, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போட வேண்டும். பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயு வரும். இளைப்பு உள்ள பிள்ளைகளை அந்த நேரத்தில் வெளியே அனுப்பிவிடுங்கள். ஆனால் அடியிலிருந்து நீரை உறிஞ்சும் சுவரை எந்தத் துணியாலும் துடைத்துத் தீர்க்க முடியாது.

எனவே கோரிக்கைகளை அரசிடம் வைப்போம். வெள்ளம் புகுந்த ஒவ்வொரு அரசுக் குடியிருப்பிலும் ஒரு மாதம் கழித்தும் மூன்று மாதம் கழித்தும் பொறியாளர்கள் சுவரின் ஈரத்தை அளந்து, முடிவைக் குடியிருப்போர் பார்க்க ஒட்ட வேண்டும். புகார் வந்தால் இத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்ற காலக்கெடு விதியாக வர வேண்டும். அந்தச் செலவு மக்கள் தலையில் விழக் கூடாது. மருத்துவ முகாம் முதல் வாரக் காய்ச்சலோடு முடியாமல், மூச்சு நோய்க்காக மீண்டும் வர வேண்டும். நிவாரணப் படிவத்தில் ஈரச் சேதத்துக்கு ஒரு கட்டம் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், சதுப்பு நிலத்தை ஒட்டி இனி ஒரு குடும்பத்தைக்கூடக் குடியேற்றக் கூடாது.

அடுத்த ஐப்பசி வருவதற்குள் தோழர்கள் தங்கள் பகுதிக் குடியிருப்புகளில் ஒரு வேலையைத் தொடங்கலாம். வீடு வீடாகப் போய், சுவரில் ஓதம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, அந்த வீட்டில் எத்தனை பேருக்கு இளைப்பு இருக்கிறது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். "நீங்கள் சுத்தமாக இல்லை" என்று சொல்ல வருகிறவர் முன்னால் அந்த நோட்டைத் திறந்து வைப்போம்.