பெயரை வகுக்க வேண்டாம், குண்டை அளப்போம்

மில்லிமீட்டரை 25.4-ஆல் வகுத்தால் அங்குலம். 1959-இல் உலக அளவில் உறுதியான இந்தக் கணக்கில் யாருக்கும் ஐயமில்லை. நம் கவலை வேறு. துப்பாக்கிப் பிரிவு அறிக்கைகளில் இந்த வகுத்தல் தவறான எண்மீது நடக்கிறது. தோட்டாவின் பெயரில் உள்ள எண்ணை எடுத்து மாற்றி, அதையே குண்டின் விட்டம் என்று எழுதிவிடுகிறார்கள்.

நேட்டோ தோட்டாவின் 7.62 மி.மீ.யை வகுத்தால் சரியாக 0.300 அங்குலம் வரும். அது குழலுக்குள் மேடுகளுக்கு இடைப்பட்ட விட்டம். குண்டின் விட்டமோ 0.308, அதாவது 7.82 மி.மீ. .303-உம் இப்படித்தான்: பெயர் மேட்டைச் சொல்கிறது, குண்டு 0.311-ஐ ஒட்டி இருக்கும். பெயரைப் பெருக்கி 7.70 என்று எழுதியவர், வழக்குச் சொத்தான குண்டு அளவியில் 7.90 காட்டும்போது குறுக்கு விசாரணையில் என்ன பதில் சொல்வார்?

.38 இன்னும் சிக்கலானது. பழைய ரிவால்வர் தோட்டாக்களில் குண்டும் உறையும் வெளியே ஒரே பருமன். அந்த எண் அக்காலத்தது. பிறகு உறைக்குள் அமரும்படி குண்டு சிறுத்தது, பெயர் மாறவில்லை. இன்றைய .38 ஸ்பெஷல் குண்டு 0.357 அங்குலம். 1935-இல் வந்த .357 மேக்னம்தான் அந்த விட்டத்தைப் பெயரிலேயே ஏற்றது. வெப்லி ரிவால்வரின் .38 குண்டு 0.361. 9 மி.மீ. பாரபெல்லம் 0.355. இம்மூன்றையும் இரண்டு தசம இடங்களோடு நிறுத்திப் பாருங்கள்: மூன்றுமே 0.36! மூன்று வகை ஆயுதங்களைப் பிரித்தறிய இருந்த தடயத்தை நம் பேனாவே அழித்துவிடுகிறது.

ஆகவே அங்குலத்துக்கு மூன்று, மில்லிமீட்டருக்கு இரண்டு தசம இடங்கள் இல்லாத ஆய்வுக் கட்டுரையை இவ்விதழ் இனி ஏற்காது. எந்த அலகில் அளந்தீர்களோ அது முதலில் வர வேண்டும், மாற்றிய எண் அதன் பின்னால். தோட்டாவின் பெயருக்குத் தனிக் கட்டம். 12 போர் போன்றவற்றை 25.4 தொடவே தொடாது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டைகளாக வார்த்தால் ஒன்றின் விட்டம் எதுவோ அதுவே அந்த அளவு, சுமார் 0.729 அங்குலம். ஆனால் .410 நேரடியாக அங்குலம்தான்.

அளக்கும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. லீ என்ஃபீல்டு குழலில் பொதுவாக ஐந்து வரிப்பள்ளங்கள். ஒற்றைப்படை என்பதால் குண்டில் ஒரு மேட்டுக்கு நேர் எதிரே பள்ளம்தான் இருக்கும். தட்டையான தாடைகள் கொண்ட திருகு அளவி இரண்டுக்கும் நடுவிலான ஓர் எண்ணையே காட்டும். எத்தனை முறை அளந்து சராசரி எடுத்தாலும் அது திருந்தாது. ‘வி’ வடிவத் தாங்கி உள்ள அளவிதான் இதற்கு வழி.

எலும்பில் மோதி நசுங்கிய குண்டுக்கு அதுவும் உதவாது. அங்கே மேடு, பள்ளங்களின் எண்ணிக்கை, அகலம், சுழல் திசை ஆகியவற்றை நம்புங்கள். விட்டத்துக்கான கட்டத்தில் ‘அளக்க இயலவில்லை’ என்று எழுதுங்கள். உறையின் அடியில் பொறித்த எண்ணைக் கொண்டு அதை நிரப்ப வேண்டாம்.