பூவிருந்தவல்லியும் ‘இன் விச்’சும்

தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வழக்கமாகச் செய்கிற ஒரு பிழை உண்டு. ‘நான் குடியிருக்கும் வீடு’ என்பதை ‘தி ஹவுஸ் விச் ஐ லிவ்’ என்று எழுதிவிடுவார்கள். கூடவே வரவேண்டிய ‘இன்’ வராது. உபாத்தியாயர் சிவப்பு மையால் சுழித்து, மேலே ‘இன் விச்’ என்று எழுதி, அரை மார்க்கைக் கழித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார். பையனும் திருத்தத்தைப் பார்த்துக்கொள்கிறான். அடுத்த பரீட்சையில் வெகு ஜாக்கிரதையாக ‘தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ் இன்’ என்று எழுதுகிறான். முன்பு ஒன்று குறைந்தது. இப்போது ஒன்று கூடிவிட்டது. மறுபடியும் அரை மார்க் போயிற்று.

இந்த வாக்கியங்களைப் படித்துக் காட்டிச் சிரிக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவரும், ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை பார்க்கிறவரும் தம் சம்பளத்தில் பெரும் பங்கை எதற்குச் செலவு செய்கிறார்கள் என்று அந்த வட்டாரத்தில் ஒரு மாதம் குடியிருந்து பார்த்தால் தெரியும். பிள்ளையின் இங்கிலீஷுக்குத்தான். அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளும் பள்ளிக்கூடங்களில் சில (பெயர் வேண்டாம்) இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடுகின்றன. பையன் ஏன் அந்த ‘இன்’னைத் தொலைத்தான் என்ற காரணம் தமிழில்தான் இருக்கிறது, தமிழை வாசலிலேயே நிறுத்திவிட்டுக் காரணத்தை உள்ளே தேடினால் எப்படிக் கிடைக்கும்?

ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். ‘நான் கடிதம் எழுதின பேனா.’ ‘நான் கடிதம் எழுதின காகிதம்.’ ‘நான் கடிதம் எழுதின நண்பர்.’ ‘நான் கடிதம் எழுதின அறை.’ ‘நான் கடிதம் எழுதின விஷயம்.’ ஐந்திலும் ‘எழுதின’ ஒன்றுதான். அதில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஆனால் பேனாவால் எழுதினேன், காகிதத்தின் மேல் எழுதினேன், நண்பருக்கு எழுதினேன், அறையில் எழுதினேன், விஷயத்தைப் பற்றி எழுதினேன். இந்த ‘ஆல்’, ‘மேல்’, ‘கு’, ‘இல்’, ‘பற்றி’ எல்லாம் எங்கே போயின? பெயரெச்சம் விழுங்கிவிட்டது. ‘பேனா’ என்று கேட்டவுடனே அதனால்தான் எழுதியிருப்பான் என்று தமிழ்க் காது தானே யூகித்துக்கொள்கிறது. ஆங்கிலக் காதுக்கு இந்த யூகம் செய்யும் பழக்கம் இல்லை. பேனாவுக்கு ‘வித் விச்’, காகிதத்துக்கு ‘ஆன் விச்’, நண்பருக்கு ‘டு ஹூம்’, அறைக்கு ‘இன் விச்’, விஷயத்துக்கு ‘அபௌட் விச்’ என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கப்பம் கட்டவேண்டும். நம் பையன் கப்பம் கட்ட மறந்தானே ஒழிய, அறிவில்லாமல் எழுதவில்லை. அவனுடைய தாய்மொழியில் அந்த வரியே கிடையாது.

நம் இலக்கணக்காரர்கள் இதை வெகு காலத்துக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள். செய்பவன், கருவி, இடம், செயல், காலம், செயப்படுபொருள் என்ற ஆறில் எதுவும் பெயரெச்சத்துக்குப் பின்னால் வந்து நிற்கலாம் என்று நன்னூல் சொல்லுகிறது. தொல்காப்பியத்திலும் இந்த ஆறு உண்டு. உரைகாரர்கள் குயவனையும் குடத்தையும் காட்டி விளக்குவார்கள். தமிழ் வகுப்பில் பையன் இதை நெட்டுருப் போட்டு மார்க் வாங்கியிருக்கிறான். அடுத்த மணியில் இங்கிலீஷ் வகுப்பு. இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு சுவர்தான்; அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வட்டாரத்து ஊர்ப் பெயர் ஒன்றே இந்தப் பாடத்துக்குப் போதும். பூவிருந்தவல்லி. வெள்ளைக்காரன் எழுத்தில் அது பூனமல்லி ஆயிற்று. நம் பேச்சில் பூந்தமல்லி. பெயருக்குச் சொல்லும் ஸ்தல புராணம் எதுவானாலும் இருக்கட்டும். ‘பூ இருந்த வல்லி’ என்று பிரித்தால் நடுவில் இருப்பது சாக்ஷாத் பெயரெச்சம். வல்லி என்றால் கொடி. பெண் என்றும் சொல்லலாம். இதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள் பார்ப்போம்! பூ கொடியின் மேல் இருந்ததா? ‘ஆன் விச்’. கொடியின் பக்கத்தில் இருந்ததா? ‘நியர் விச்’. பெண்ணின் கூந்தலில் இருந்ததா? ‘இன் ஹூஸ் ஹேர்’. எது என்று தீர்மானம் செய்யாமல் ஆங்கிலத்தில் வாயைத் திறக்க முடியாது. இத்தனை நூற்றாண்டுகளாக அதைத் தீர்மானம் செய்யாமலே ஒரு பட்டணம் சௌக்கியமாக இருந்து வருகிறது.

தமிழ் எப்போதும் இப்படித் தப்பித்துக்கொள்ளும் என்று பெருமை அடிக்கவும் வேண்டாம். நான் ஒரு நண்பரோடு சினிமாவுக்குப் போனேன். ‘நான் சினிமாவுக்குப் போன நண்பர்’ என்று சொல்ல முடியுமா? ‘ஓடு’ என்ற உருபைப் பெயரெச்சத்தால் விழுங்க முடியவில்லை, தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. ‘என்னோடு சினிமாவுக்கு வந்த நண்பர்’ என்று வாக்கியத்தையே புரட்டிப் போடுகிறோம். ஆங்கிலேயனுக்கு அந்தச் சிரமமே இல்லை. ‘வித் ஹூம்’ என்று சொல்லிவிட்டுப் போகிறான். ‘அடித்த பையன்’ என்று மொட்டையாகச் சொன்னால் அடித்தவனா, அடிபட்டவனா என்று பஞ்சாயத்து வைக்கவேண்டியிருக்கிறது. கப்பம் கட்டுகிறவனுக்கு ரசீதாவது கிடைக்கிறது.

பள்ளிக்கூடங்களின் இன்னொரு மூடநம்பிக்கையையும் இங்கே சொல்லிவிடவேண்டும். ‘தி ஹவுஸ் ஐ லிவ் இன்’ என்று ஒரு பெண் எழுதினாள். அதையும் தப்பு என்று அடித்திருந்தார்கள். வாக்கியத்தை ‘இன்’, ‘டு’, ‘வித்’ போன்ற சொற்களில் முடிக்கக் கூடாதாம். யார் போட்ட சட்டம் இது? 1672-ல் டிரைடன் என்ற ஆங்கிலக் கவி, பென் ஜான்ஸன் இப்படி முடித்ததைக் குற்றமாகச் சொன்னார். தாம் முன்பு எழுதிய வாக்கியங்களைக்கூடப் பிற்பாடு திருத்தினார். 1762-ல் லௌத் பாதிரியார் ஓர் இலக்கணம் எழுதினார். கம்பீரமான நடைக்கு முன்னால் வைப்பதே அழகு என்று அவர் சொன்னாலும், பின்னால் வைப்பது தம் மொழியின் இயல்பான போக்கு என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட அந்தத் தொடரையே ‘டு’வில் முடித்தும் வைத்தார்! 1926-ல் ஃபௌலர் தம் அகராதியில் இந்தத் தடையை மூடநம்பிக்கை என்றே ஒதுக்கிவிட்டார். இங்கிலாந்தில் செத்துப்போன சட்டத்துக்கு அம்பத்தூரில் சிவப்பு மை செலவாகிறது.

முன்னால் வைக்கவே முடியாத இடங்களும் உண்டு. ‘தட்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘இன்’ நிற்காது. ‘தி ஹவுஸ் தட் ஐ லிவ் இன்’ என்றுதான் எழுதலாம். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் கவனித்துக்கொள்வது. ‘அவள் கவனித்துக்கொண்ட குழந்தை’ என்பதற்கு ‘தி சைல்ட் ஷீ லுக்ட் ஆஃப்டர்’ என்று எழுதாமல், ‘ஆஃப்டர் ஹூம்’ என்று ஆரம்பித்தால், குழந்தையின் பின்னாலேயே அவள் எதையோ பார்த்துக்கொண்டு நடந்ததாகத் தோன்றும். கடைசியில் வைத்தாலும் சரி, முன்னால் வைத்தாலும் சரி. ஒரு தடவை வைக்கவேண்டும், இரண்டு தடவை வைக்கக் கூடாது. சட்டம் அவ்வளவே.

ஆங்கிலத்தின் இந்த வாலுக்கு நம்மிடம் இல்லாத ஒரு சௌகரியம் இருக்கிறது என்பதற்கும் ஆவடியே சாட்சி. 1955 ஜனவரியில் தேபர் தலைமையில் அங்கே காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயத்தை அமைப்பதே திட்டங்களின் நோக்கம் என்று தீர்மானித்தது. ஆங்கிலத் தீர்மானத்தில் ‘சமுதாயம்’ என்ற சொல்லுக்குப் பிறகு ‘வேர்’ என்று ஒரு கொக்கியைப் போட்டு, மூன்று சங்கதிகளை அதில் மாட்டினார்கள். முக்கியமான உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்கும். உற்பத்தி வரவர வேகமாகும். நாட்டின் செல்வம் நியாயமாகப் பங்கிடப்படும். ‘இன் விச்’ செய்யவேண்டிய வேலையை ‘வேர்’ ஒன்றே செய்துவிட்டது. தமிழ்ப் பெயரெச்சத்தில் இத்தனையையும் சமுதாயத்துக்கு முன்னாலேயே மூட்டை கட்டி அடுக்கவேண்டும். படிக்கிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை ஓடவேண்டும். அதற்குப் பயந்து ‘எந்தச் சமுதாயத்தில் இன்னது இருக்குமோ அந்தச் சமுதாயம்’ என்று மொழிபெயர்ப்பவர்களை என்னால் மன்னிக்க முடியாது. சர்க்கார் அறிக்கைகள் முழுக்க இந்த ‘எந்த – அந்த’ பொம்மலாட்டம்தான். இரண்டு வாக்கியமாக உடைத்துச் சொன்னால் என்ன குடி முழுகிவிடும்?

பையனுக்கு வருகிறேன். அவனுக்கு வேண்டியது ஒரு மணி நேரப் பாடம். ‘நான் கடன் வாங்கின மனிதர்’ என்று தமிழில் சொல்லச் செய்யுங்கள். அதை உடைக்கச் சொல்லுங்கள்: மனிதரிடமிருந்து கடன் வாங்கினேன். பெயரெச்சம் விழுங்கினது எது? ‘இடமிருந்து.’ இங்கிலீஷில் அதற்கு என்ன? ‘ஃப்ரம்.’ அப்படியானால் ‘தி மேன் ஃப்ரம் ஹூம் ஐ பாரோட்’. அல்லது ‘தி மேன் ஐ பாரோட் ஃப்ரம்’. பத்து உதாரணம் இப்படிச் செய்தால் பதினோராவதைப் பையனே செய்வான். ‘இன் விச் ஐ லிவ் இன்’ என்று இனி எழுதமாட்டான். ஓர் உருபுக்கு இரண்டு தடவை கப்பம் எதற்கு என்று அவனுக்கே தெரிந்துபோகும். நாளைக்கு வேலைக்கு மனுப் போடும்போது ‘தி போஸ்ட் விச் ஐ அப்ளைட்’ என்று எழுதி, மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் சிரிப்பதற்கு இடம் கொடுக்கவும் மாட்டான்.

இதற்குப் புதிய புஸ்தகம் வேண்டாம், தனிக் கட்டணமும் வேண்டாம். உபாத்தியாயர் கரும்பலகையில் தமிழில் ஒரு வரி எழுதவேண்டும். எழுதினால் அவருக்கும் அபராதம் போடுவார்களோ என்னவோ!