பெரிய மோட்டார் சைக்கிளுக்குத் தனி அனுமதி வேண்டும்

இலங்கையில் மோட்டார் சைக்கிள் ஓட்ட இரண்டு வகை அனுமதிதான் உண்டு. 100 சிசி வரையான வண்டிக்கு ஏ1. அதற்கு மேற்பட்ட எதற்கும் ஏ. இந்த இரண்டாவது வகைக்கு மேல் எல்லை கிடையாது. 110 சிசி வண்டியில் 'ரயல்' காட்டிச் சித்தியடைந்த இளைஞர், அனுமதிப்பத்திரம் கைக்கு வந்ததும் 350 சிசி குரூசரில் ஏறிக் கோண்டாவில் சந்தியைக் கடக்கலாம். அவர் பழகிய வண்டி ஏறத்தாழ 110 கிலோ. றோயல் என்பீல்டின் மீற்றியர் 350 போன்ற குரூசர் 190 கிலோவைத் தாண்டும். இடையில் அவரை யாரும் சோதிப்பதில்லை, யாரும் பழக்குவதுமில்லை. வண்டி வாங்க ஒரு தொகை, அதை அழகுபடுத்த இன்னொரு தொகை என்று செலவழிக்கும் குடும்பங்கள், ஓட்டப் பழகுவதற்கென்று ஒரு சதமும் ஒதுக்குவதில்லை. ஒதுக்க நினைத்தாலும் அப்படிப் பழக்கும் இடம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எளிதில் அகப்படாது. பெரிய மோட்டார் சைக்கிளுக்குத் தனியான அனுமதிப் படி ஒன்றும் அதற்குரிய பயிற்சியும் வேண்டும், வண்டியின் அமைப்பை மாற்றுவோருக்கு அருகிலேயே ஒரு தொழில்நுட்பச் சோதனை வேண்டும் என்பதே என் வாதம்.

இதை இப்போது பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வண்டிகளின் விலை ஏறியது. புதிய குரூசர் கிடைக்காதவர்கள் பழைய 150, 180 சிசி வண்டிகளை வெட்டி, இருக்கையைத் தாழ்த்தி, ஹாண்டிலை உயர்த்தி, குரூசர் போலாக்கினார்கள். இனி உண்மையான குரூசர்களும் கூடுதலாக வரும். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் காசும் லீசிங்கும் இருக்கும் ஊரில், விலை மட்டுமே ஆசையைத் தடுத்து வைத்திருக்க முடியாது.

அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. தாழ்ந்த இருக்கை, நீண்ட உடல், முன்னே நீட்டி வைத்த கால்கள், குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும் எஞ்சின் என்று அமைந்த வண்டி குடாநாட்டுக்கு ஒவ்வாதது அல்ல. மேடு பள்ளமில்லாத நிலம் இது. பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறைக்கோ, 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரி வழியாக மன்னாருக்கோ போகிறவருக்கு, சோளகம் பக்கவாட்டில் அடிக்கும்போது கனமான வண்டி துணையாகவே இருக்கும். முதுகு நோகாத இருக்கை வயதானவருக்கும் நல்லது. இந்த வகை வண்டி நமக்கு அந்நியமும் இல்லை. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் என்பீல்ட் இந்தியாவைத் தொடங்கியதும் புல்லட்டைக் கட்டியதும் சென்னைத் திருவொற்றியூரில்தான். இங்கிலாந்தின் ரெடிச் நகரில் தாய்த் தொழிற்சாலை மூடிய பின்னும் அந்த வண்டி தமிழர் கைகளிலிருந்து வெளிவந்துகொண்டிருந்தது. 'இந்தச் சின்ன ஊருக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி' என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் விரும்பும் வண்டியை அவர் வாங்கட்டும். ஓட்டத் தெரிந்துகொண்டு வாங்கட்டும் என்பதுதான் என் கோரிக்கை.

வண்டியை மாற்றியமைக்கும் திறமையும் நம்மிடம் புதிதல்ல. 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் பற்றரியும் தடுக்கப்பட்டன. அப்போது மோட்டார் சைக்கிள்களும் மொறிஸ் மைனர் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகை, கரி பிடித்த பிளக், அடிக்கடி கழற்றிப் பூட்டும் வேலை எல்லாம் இருந்தன. ஆனாலும் கர்ப்பிணிகளையும் காயப்பட்டவர்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை அந்த வண்டிகள்தான். அந்தக் காலத்துக் கராஜ்காரர்களின் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் 'இது எதற்காக' என்ற கேள்வி இருந்தது. இன்றைய மாற்றங்களில் பலவற்றிடம் அதே கேள்வியைக் கேட்டால் பதில் வராது. கண்ணாடியைக் கழற்றினால் பின்னால் வரும் பஸ் தெரியாது. ஹாண்டிலை உயர்த்திவிட்டுப் பழைய நீளத்திலேயே பிரேக் குழாயை விட்டால், ஹாண்டிலை முழுக்கத் திருப்பும்போது அது இழுபடும். முன் போர்க்கைச் சாய்த்து நீட்டினால் வண்டி நேர்வீதியில் அசையாமல் ஓடும், ஒழுங்கைக்குள் திரும்ப மறுக்கும். கண்டபடி மின்வயர் இழுத்துப் பொருத்திய அதிக வெளிச்ச விளக்கு எதிரே சைக்கிளில் வரும் முதியவரின் கண்ணைக் குருடாக்கும்.

ஒழுங்கை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் குரூசரின் பலவீனம் அங்கேதான் வெளிப்படுகிறது. நீண்ட சக்கர இடைவெளி வேகத்தில் நிதானம் தரும். மெதுவான திருப்பத்தில் அதே நீளம் சுமையாகும். தாழ்ந்த அடிப்பகுதி சரிந்து திரும்பும்போது சீக்கிரமே தரையைத் தொடும். மெதுவாகத் திரும்புவதற்குக் கிளச்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை இலேசாக அழுத்தி, போகவேண்டிய திசையைப் பார்த்துத் திருப்ப வேண்டும். வேகத்தில் இதற்கு மாறாக, வலப்பக்கம் போக ஹாண்டிலின் வலப்பக்கத்தை முன்னே தள்ள வேண்டும். இவை எதுவும் உடலுக்குத் தானாக வராது. சிறிய வண்டியில் ஒரு காலை ஊன்றித் தப்பிக்கலாம். 190 கிலோ சரியத் தொடங்கினால் எந்தக் காலும் தாங்காது. இவ்வளவும் நடக்கும் இடமோ இரண்டு பக்கமும் மதிலும் வேலியும் பார்வையை மறைக்கும் ஒழுங்கை வாய்கள், டியூசன் விடும் நேரத்துச் சைக்கிள் கூட்டம், இரவில் விளக்கில்லாமல் வரும் லாண்ட் மாஸ்டர், வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகள்.

மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்த ஆய்வுகளில் இன்றும் முதலில் பேசப்படுவது, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஹரி ஹேர்ட் குழு 1981இல் வெளியிட்டது. லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 விபத்துகளை அந்தந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். விபத்துக்குள்ளான ஓட்டுநர்களில் 92 சதவீதமானோர் முறையான பயிற்சி எதுவும் பெறாதவர்கள். தாமாகவோ வீட்டாரிடமோ நண்பரிடமோ பழகியவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, விபத்தில் சிக்கிய அந்த வண்டியில் ஐந்து மாத அனுபவம்கூட இல்லை. ஆபத்தைக் கண்டபின் தப்பிக்கக் கிடைத்த நேரம் பொதுவாக இரண்டு விநாடிக்கும் குறைவு. குரூசர் பிரியர்கள் கவனிக்கவேண்டிய இன்னொன்றும் அதில் இருக்கிறது: சொப்பர் பாணியிலும் கஃபே ரேசர் பாணியிலும் மாற்றப்பட்ட வண்டிகள், வீதியில் அவற்றின் விகிதத்தைவிட விபத்துகளில் அதிகமாகக் காணப்பட்டன. நாற்பது வருடத்துக்கு முந்திய அமெரிக்க ஆய்வு நமக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயமே. அங்கே வீதி அகலம், கார்கள் அதிகம். ஆனால் அந்த விபத்துகளுக்குச் சற்று முன் வண்டிகள் ஓடிய நடுவளவு வேகம் மணிக்கு 48 கிலோமீற்றர்தான். நம் ஊர்களுக்குள் சட்டம் அனுமதிக்கும் வேகமும் அதை ஒட்டியதே. மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் வண்டி விநாடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர் ஓடும். இரண்டு விநாடிக்குள் 28 மீற்றர். அந்தத் தூரத்துக்குள் முன் பிரேக்கைச் சறுக்காமல் அழுத்தத் தெரிந்திருக்க வேண்டும். முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி குப்புற விழும் என்று சொல்லிச் சொல்லியே நம் பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள்.

சைலன்சரின் உள்பகுதியை எடுத்துவிட்டு ஓடுபவர்கள் சொல்லும் நியாயம், சத்தம் கேட்டால் மற்றவர்கள் விலகுவார்கள், உயிர் தப்பும் என்பது. இதற்கும் அதே ஆய்வில் பதில் உண்டு. விபத்துக்குக் காரணமான ஆபத்துகளில் நான்கில் மூன்றுக்கு மேற்பட்டவை ஓட்டுநருக்கு முன்புறமாகவே இருந்தன. சைலன்சர் பின்னோக்கிக் கத்துகிறது. குறுக்கே வருகிறவருக்கு முன்விளக்கும் பளிச்சென்ற உடையும் செய்யும் உதவியை அந்தச் சத்தம் செய்யாது. மாறாக, கோயிலடியிலும் பள்ளிக்கூடத்தடியிலும் நோயாளி படுத்திருக்கும் வீட்டு வாசலிலும் அது தரும் துன்பத்தால், ஒழுங்காக ஓடும் குரூசர்காரரும் ஊரின் கண்ணில் கெட்டவராகிறார். குழுவாக மோட்டார் சைக்கிளில் வருகிறவர்களைக் கண்டு பயந்த நாட்கள் யாழ்ப்பாணத்துக்கு உண்டு. அந்தப் பயத்தின் மிச்சத்தையும் அவரே சுமக்கிறார்.

இன்னொரு மறுப்பு வீட்டுக்கு வீடு கேட்பது: நாங்கள் யாரிடமும் பழகவில்லை, அப்பாவின் வண்டியை எடுத்து ஓடினோம், ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் ஓடியது 50 சிசி சாளியும் எம்டி 90உம். அப்போது எரிபொருள் இல்லாததால் வீதிகள் பாதி வெறுமையாய்க் கிடந்தன. குண்டும் குழியும் வேகத்தைத் தடுத்தன. இன்று காப்பெற் வீதி, பஸ், வான், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்த ரயிலும் அதன் கடவைகளும். மேலும், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல இருப்பவர்கள் தப்பியவர்கள் மட்டுமே. இலங்கையில் வருடந்தோறும் 2,000க்கும் அதிகமானோர் வீதியில் இறக்கிறார்கள். அவர்களில் பெரும் பங்கு மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

காசு அனுப்பும் உறவினர்களுக்கு இந்தப் படிமுறை நன்றாகவே தெரியும். ரொறன்ரோவில் அவர்களுடைய பிள்ளை மோட்டார் சைக்கிள் ஓட விரும்பினால் முதலில் எம்1 அனுமதி. அதோடு குறைந்தது 60 நாள் இருக்க வேண்டும். இரவில் ஓட முடியாது, பின்னால் யாரையும் ஏற்ற முடியாது. அதன்பின் எம்2, முழு அனுமதி அதற்கும் பிறகுதான். பிரித்தானியாவில் 1990 முதல் அடிப்படைப் பயிற்சி கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் எஞ்சின் வலுவைக் கொண்டு மூன்று படிகள். 35 கிலோவாற்றுக்கு மேற்பட்ட வண்டிக்குக் குறிப்பிட்ட வயதோ இரண்டு வருட அனுபவமோ வேண்டும். ரொறன்ரோவில் தன் மகனுக்கு வேண்டிய பொறுமை, கொக்குவிலில் இருக்கும் மருமகனுக்கு வேண்டாம் என்று எந்த மாமாவும் நினைக்கமாட்டார். இங்கே சட்டம் கேட்கவில்லை, ஆகவே அவரும் கேட்கவில்லை.

புதிய படி என்றால் ஏழைக்குத்தான் சுமை, இன்னொரு வரிசை, இன்னொரு கையூட்டு என்ற கவலையை நான் இலேசாக எடுக்கவில்லை. மீன் சந்தைக்கும் தோட்டத்துக்கும் வேலைக்கும் போகும் வண்டிகள் 100இலிருந்து 150 சிசிக்குள் அடங்குகின்றன. எல்லையை 200 சிசியில் வைத்தால் அவர்கள் எவரையும் இது தொடாது. 350 சிசி வண்டி வாங்க முடிந்தவருக்கு இரண்டு நாள் பயிற்சிச் செலவு பெரிதாக இராது. பிரேக் பிடிக்கவும் திரும்பவும் பழக்கும் திடல் ஒன்று உருவானால், சிறிய வண்டிக்காரரும் விரும்பினால் வரலாம். குரோம் பூச்சுக்கு முன் காசு போகவேண்டிய இடங்களும் உண்டு. சரியாக அணிந்த தலைக்கவசம் இறப்பு அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைப்பதாக 2008இல் வந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. நல்ல ரயரும் புதிய பிரேக் பாட்டும் அதற்கு அடுத்தவை. குரோமோ, நம் உப்புக் காற்றில் கவனிக்காமல் விட்டால் கெதியில் துருப்பிடிக்கும்.

மாற்றம் செய்பவர்களை அரசு எப்படி நடத்துகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தோடு பொலிஸார் வாகனங்களின் மேலதிகப் பொருத்துகளைக் கழற்றத் தொடங்கினார்கள். பஸ், முச்சக்கரவண்டிச் சங்கங்கள் எதிர்த்ததும் அவகாசம் கொடுத்தார்கள். இந்தியாவில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளரின் மூல அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றக்கூடாது என்றே தீர்ப்பளித்தது. சத்தமிடும் சைலன்சரைக் கழற்றுவது சரி. ஆனால் பின்னால் இருக்கும் தாய்க்கு முதுகு சாய ஒரு தாங்கி பொருத்தியவரையும், பிரேக் குழாயை வெட்டி ஒட்டியவரையும் ஒரே கண்ணால் பார்ப்பது பாதுகாப்பைத் தராது. அமைப்பு மாற்றத்துக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஒரு தாங்கிக்காக அந்த வழியில் அலைய யாரும் முன்வரமாட்டார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கேயே 2016இல் திறந்த இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவகம் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கிறது. பிரேக், ஹாண்டில், விளக்கு, சத்தம் என்ற நான்கையும் சோதித்துச் சான்றிதழ் தரும் அதிகாரத்தைத் திணைக்களம் இவர்களுக்கு வழங்கலாம். மாதத்தில் இரண்டு நாள் அந்த ஆய்வாளர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்தால், கராஜ்காரர் தன் வேலையை மறைக்கவேண்டியதில்லை. வண்டிக்காரரும் பொலிஸைக் கண்டதும் ஒழுங்கைக்குள் திருப்பவேண்டியதில்லை. அதே நாளில் அதே திடலில் 200 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கான ஓட்டச் சோதனையையும் நடத்த முடியும்.