தோட்டத்து மண்ணைத் துளையிடும் முன்னர்

மின்சார வாகனங்களின் பெருக்கத்தோடு லிதியத்தைத் தேடும் முயற்சி உலகெங்கும் தீவிரமடைந்துள்ளது. சிலி, பொலிவியா ஆகிய நாடுகளின் உப்புப் படுகைகளும் அமெரிக்காவின் நெவாடா மாநிலக் களிமண் படிவுகளும் இன்று வல்லரசுகளின் கண்களை ஈர்த்து நிற்கின்றன. அயல்நாடான இந்தியாவும் ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் 59 இலட்சம் தொன் லிதியத் தாது இருக்கலாமென 2023 பெப்ரவரியில் அறிவித்தது. எனினும் போதிய போட்டியாளர்கள் முன்வராமையால் அதனை ஏலத்தில் விடும் முயற்சி 2024 மார்ச்சில் இரத்தானது. ஆரம்பகட்ட ஆய்வு வேறு, சுரங்கம் வேறு என்பதற்கு இதுவே சான்று.

இது நமக்குத் தொலைதூரச் செய்தியன்று. லிதிய மின்கலத்தின் எதிர்மின்வாயில் பயன்படுவது, பென்சிலில் நாம் காணும் காரீயமே. எடையளவில் அது லிதியத்தையும் விஞ்சுகின்றது. பாறைப் பிளவுகளில் நரம்புபோல் படிந்த உயர்தரக் காரீயத்தை வணிக ரீதியில் அகழும் நாடு இலங்கையே. அதற்குப் பேர்போன போகல சுரங்கம் கேகாலை மாவட்டத்தில் உள்ளது. உலகின் தேடல் நாளை சப்ரகமுவ தோட்டங்களின் வாசலுக்கும் வரலாம்.

அவ்வாறு வந்தால் யாருடைய சம்மதம் கேட்கப்படும்? 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்படி கனியங்கள் அரசுக்கே உரியவை. ஆய்வுக்கான அனுமதிப்பத்திரத்தைப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் வழங்குகின்றது. பெருந்தோட்டக் காணியின் உரிமை அரசிடம், குத்தகை கம்பனிகளிடம். தலைமுறை தலைமுறையாக லயன் அறைகளில் வாழும் தொழிலாளியின் கையில் காணியுறுதி இல்லை. எனவே கேட்கப்பட வேண்டியோர் பட்டியலில் அவரது பெயரும் இல்லை. இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகள் இதனை என்றோ உணர்த்திவிட்டன. அகப்படும் கல்லின் பெறுமதியில் காணி உரிமையாளருக்குப் பங்குண்டு. காணியற்றவருக்கு அந்தப் பங்கு இல்லை.

நாம் ஆய்வை எதிர்க்கவில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியைக் கண்ட நாட்டுக்கு அந்நியச் செலாவணி அவசியம். தோட்டத்து இளைஞர்களுக்கும் வேலைவாய்ப்பு வேண்டும். ஆனால் மலைச்சரிவில் தோண்டி மூடாது விடப்படும் குழி மழைக்காலத்தில் ஆபத்தாகும். 2016 மே 17 இல் புளத்கொஹுப்பிட்டிய களுப்பஹன தோட்டத்தில் சரிந்த மண் லயன் அறைகளைப் புதைத்ததை இம்மக்கள் மறக்கவில்லை.

ஆகவே அதிகாரிகளிடம் நாம் வேண்டுவது இதுவே. எந்தத் தோட்டத்திலும் முதல் துளையிடும் முன்னர் அங்கு வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தமிழில் எழுத்துமூலம் அறிவியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தைப் பெறுங்கள். குழிகளை மூடுவதற்கான செலவைக் கம்பனியிடம் முற்கூட்டியே அறவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, குடியிருக்கும் மண்ணுக்குரிய உறுதியை அம்மக்களின் கையில் கொடுங்கள். மண்ணுக்கடியில் உள்ளதைத் தேட விரைவோர், மண்ணின்மேல் வாழ்வோரை முதலில் காணட்டும்.